சம்மதம் இருந்தும் ஏன் ஆறு மாசம்?

"ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம். அப்புறம் எதுக்குய்யா ஆறு மாசம் காத்திருக்கணும்?" நண்பர் ஒருத்தர் கேட்டார். பதில் தேடிப் பழைய சட்டங்களைப் புரட்டினேன்.

சென்னை மாகாணம் 1949லேயே இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. இருதார மணத்தைத் தடுத்ததும் அதே சட்டம்தான். பிறகு 1955இல் மத்திய அரசின் இந்து திருமணச் சட்டம் வந்தது. அதில் 'பரஸ்பர சம்மதம்' என்ற வழியே கிடையாது! சட்டம் சொன்ன காரணங்களில் ஒன்றை நிரூபிக்கணும். கல்யாணமாகி 3 வருஷம் ஆகாமல் பொதுவாக மனுவே போட முடியாது.

1976 திருத்தம்தான் 13பி பிரிவைச் சேர்த்தது. ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்கணும், இருவரும் சேர்ந்து மனு போடணும், 6 மாசம் கழித்து மறுபடி வந்து உறுதி செய்யணும். இடையில் மனசு மாறலாம் என்ற நம்பிக்கைதான்.

அந்த 6 மாசம் கட்டாயமில்லை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனா ஜீவனாம்சம், பிள்ளைகள் பொறுப்பு எல்லாம் முடிவாகி, சேர வாய்ப்பே இல்லைன்னாதான் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம்.

"பையன் யார்கிட்ட இருப்பான்?" என்று நண்பரைக் கேட்டேன். "அதை இன்னும் பேசலை" என்றார்.

முதல்ல அதைப் பேசுங்க என்றேன்.