முத்திரைச் சந்தியில் பிடிக்காத பிறேக்

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்குச் சில நாள்களே இருந்த ஒரு காலைப்பொழுதில், முத்திரைச் சந்தியில் என் மருமகன் ஓட்டிவந்த வான் நிற்க மறுத்தது. பிறேக் மிதி ஒருமுறை வழமைபோல் இறங்கியது. மறுமுறை தரையைத் தொட்டுவிட்டது. கைப்பிறேக்கை இழுத்தும் கியரைக் குறைத்தும், சங்கிலியன் சிலைக்கு அப்பால் ஒரு மதிலோரத்தில் வண்டியை உரசி நிறுத்தினான். பின்னிருக்கையில் என் சகோதரி இருந்தார். அவருக்கு ஒன்றும் நேரவில்லை. சைக்கிளில் வந்த ஒரு பள்ளிச் சிறுவன் அரையடி தூரத்தில் தப்பினான். அந்த அரையடிதான் இக்கட்டுரையை எழுதவைத்தது.

வான் 2019இல் வாங்கியது. யப்பானில் ஓடி, இங்கே 'றீகண்டிசன்' என்ற பெயரில் வந்திறங்கியது. விற்றவரிடம் போனான். "வித்த நாளில பிறேக் நல்லாத்தானே இருந்தது, தம்பி" என்றார். அந்த நிறுவனத்தின் பெயர்ப்பலகை தொங்கிய முகவர் நிலையத்துக்குப் போனான். "உது எங்கட கையால வந்த வாகனமில்லை" என்றார்கள். இரண்டு பேச்சும் சட்டப்படி பொய்யல்ல என்பதுதான் வேதனை. பிறகு மருமகன் இணையத்தில் யப்பானிய நிறுவனத்தின் பக்கத்தில் அடிச்சட்ட இலக்கத்தைத் தட்டிப் பார்த்தான். அந்த வரிசை வண்டிகளின் பிறேக்கில் குறை கண்டு, இலவசமாகத் திருத்தித் தருவதாக அந்நிறுவனம் அறிவித்திருந்தது. அறிவிப்பின் தேதி, வண்டி கப்பலேறுவதற்கு முந்தியது. இந்த வண்டிக்கு எதிரே 'திருத்தப்படவில்லை' என்ற பொருள்பட ஒரு குறி.

"இதுக்கு ஆர் பொறுப்பு, மாமா?" என்று கேட்டான். எனக்கு உடனே எங்கள் வீட்டு மொரிஸ் மைனரின் நினைவு வந்தது.

தந்தையார் அதை வாங்கியது 1955இல். சிங்கள ஸ்ரீ எழுத்து இலக்கத் தகட்டில் ஏறுவதற்கு முந்திய வண்டி அது. (1957இல் வந்த அந்த எழுத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர் நடத்திய போராட்டத்தின்போது, பழைய தகட்டுக்காரர் பலர் சற்றே பெருமையுடன் திரிந்தது நினைவில் இருக்கிறது.) மைனரின் பிறேக், திரவ அழுத்தத்தால் இயங்குவது. மிதியை அழுத்தினால் பிரதான சிலிண்டரிலிருந்து திரவம் குழாய்கள் வழியே நான்கு சில்லுகளுக்கும் செல்லும். நான்குக்கும் சேர்த்து ஒரே சுற்று. எங்காவது ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் ஒருசேரப் போய்விடும். இரண்டு தனிச் சுற்றுகள் வேண்டும் என்பது அமெரிக்காவிலேயே 1968இல்தான் கட்டாயமாயிற்று. போதாததற்கு, மைனரின் பிரதான சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே, சட்டத்தினுள் ஒளிந்திருக்கும். அதைக் கழற்றுவது கிணற்றுக்குள் விழுந்த வாளியை எடுப்பது போன்றது. மழைக்காலத்தில் சேறும் நீரும் முதலில் போய்ச் சேரும் இடமும் அதுவே.

ஆயினும் குடாநாட்டில் இத்தகைய வண்டிகள் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடின. மைனர், ஒக்ஸ்போர்ட், ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ் என்பன எங்கள் வீதிகளின் குடும்பப் பெயர்கள். அதற்குக் காரணம் எங்கள் சிக்கனம் என்று தென்னிலங்கை நண்பர்கள் கேலி செய்வர். அதில் உண்மை உண்டு. முழு உண்மை அதுவன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து, கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 வரை புதிய வண்டி என்பது பெரும்பாலோருக்குக் கனவு. இருப்பதைப் பேணுவதே வழி. இன்னொரு காரணத்தை எவரும் சொல்வதில்லை: யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. கண்டியில் ஒரே நாளில் ஆளைக் கொல்லக்கூடிய பிறேக், இங்கே ஆட்டுக்கும் மாட்டுக்கும் மட்டும் பதில் சொல்லிப் பல ஆண்டுகள் காலம் தள்ளும்.

அந்தக் காலத்து முகவர்களைப் பற்றியும் பொற்காலக் கதை சொல்ல நான் தயாரில்லை. கொழும்புக்குக் கடிதம் போடுவோம். 'இருப்பில் இல்லை' என்ற ஒரு வரி பதில், மாதங்கள் கழித்து வரும். ஆனால் பதில் வரும். வண்டியை விற்றவர் தாமே என்பதை அவர்கள் மறுத்ததில்லை.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் அந்தக் கடிதமும் நின்றது. பெற்றோல், மின்கலம், வாகன உதிரிப்பாகம் எல்லாம் குடாநாட்டுக்குத் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மின்சாரம் போயிற்று. நாங்கள் வேலை செய்த பத்திரிகைகளே அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகின. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின: சிறிது பெற்றோலை விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் நாற்றமும் சகிக்கமுடியாதவை. இந்த எரிபொருள் சாகசத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள். வண்டியை ஓடவைத்த கதை எல்லோருக்கும் தெரியும்; நிறுத்திய கதையைத்தான் எவரும் எழுதவில்லை.

பிரதான சிலிண்டருக்குள் இருப்பது சிறுவிரல் நுனியளவு குழிவுள்ள ஒரு றப்பர்த் துண்டு. 'கப்' என்பார்கள். அது தேய்ந்தால் அழுத்தம் நிற்காது. புதியது கிடையாது; பிறேக் ஒயிலும் கிடையாது. அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை ஊற்றிய பலர், கனிம எண்ணெயில் றப்பர் ஊதிப் பருத்து, மிதி இறுகி, பிறேக் பிடித்தபடியே நின்று எரிந்ததைக் கண்டார்கள்.

1993இல் ஓர் இரவு. அயல்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி. மைனரில் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். வீதியில் ஒரு விளக்கும் இல்லை. பாதி வழியில் இருளுக்குள்ளிருந்து ஒரு மாடு எழுந்தது. மிதி தரைக்குப் போயிற்று. மைனரின் கைப்பிறேக் கம்பியால் பின்சில்லுகளை மட்டும் பிடிப்பது. அதுதான் காப்பாற்றியது. மீதி வழியை முதலாம் கியரில், நடைவேகத்தில் கடந்தேன். குழந்தை விடியுமுன் பிறந்தது.

மறுநாள் வண்டியைக் கைப்பிறேக்கின் துணையுடன் செம்மணி வீதிப் பக்கமாக இருந்த ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஓலைக் கொட்டில், பாலமரத்து நிழல். வாரமொன்றுக்கு முன் அதே சிலிண்டரைக் கழற்றிப் பூட்டியவர் அவர்தான். நான் ஒன்றும் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைக் கேட்டவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பிழை என்ரை, ஐயா" என்றார். மூன்று நாள் எடுத்தார். சிலிண்டரின் உட்சுவரை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து வழவழப்பாக்கினார். கைவிடப்பட்ட வேறு வண்டிகளிலிருந்து சேர்த்துவைத்த கப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ஆமணக்கெண்ணெயில் சிறிது மதுசாரம் கலந்து ஊற்றினார். இது பைத்தியக்கார வேலை என்றே நினைத்தேன். பழைய பிறேக் திரவங்கள் ஆமணக்கெண்ணெயையும் மதுசாரத்தையும் கொண்டே செய்யப்பட்டன என்பதும், அந்த எண்ணெய் இயற்கை றப்பரைக் கெடுப்பதில்லை என்பதும் பின்னாளில் வாசித்து அறிந்தவை. அவருக்கு அவருடைய குரு சொன்னதாம். முடிந்ததும் திறப்பை என்னிடம் தரவில்லை. தம் மகனைப் பக்கத்தில் இருத்தி, தாமே செம்மணி வெளிவரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்த பிறகே தந்தார்.

அதே ஆண்டுகளில், இதே தீவில், இங்கிலாந்தின் பாத் நகரத்து சார்ள்ஸ் வெயர் என்பவரின் முயற்சியில் மொரிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகின. ஓமந்தைக்கு இப்பால் அதில் ஓர் ஆணிகூட வரவில்லை. இதை நான் அறிந்தது பத்தாண்டுகள் கழித்து.

1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, மைனரும் தாயாரைச் சுமந்துகொண்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்தது. மழை. முன்னால் மனிதர், பின்னால் மனிதர். அன்று பிறேக்குக்கு வேலையே இருக்கவில்லை. கைதடியில் மண்ணெண்ணெய் தீர்ந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது சில்லுகளும் இருக்கவில்லை.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது; 2006 ஓகஸ்டில் மூடியது; போர் முடிந்தபின் மீண்டும் திறந்தது. யப்பானிய வண்டிகள் சாரிசாரியாக வந்தன. குளிரூட்டி, இரட்டைச் சுற்றுப் பிறேக், மின்னணுக் கட்டுப்பாடு. உலகில் இதற்கிடையே இன்னொன்றும் வளர்ந்திருந்தது. 1965இல் ரால்ஃப் நேடர் கார் உற்பத்தியாளரைக் குற்றஞ்சாட்டி எழுதிய நூலின் அதிர்வு அடங்குமுன், 1966இல் அமெரிக்கா வாகனப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. யப்பானில் 1969இல் திரும்ப அழைக்கும் முறை தொடங்கிற்று. 2010 பெப்ரவரியில் டொயோட்டா நிறுவனம் பிறேக்கின் மின்னணு நிரலைத் திருத்துவதற்காக உலகெங்குமிருந்து ஏறத்தாழ 437,000 கலப்பின வாகனங்களைத் திரும்ப அழைத்தது. அதே மாதம் அதன் தலைவர் அக்கியோ டொயோடா, நிறுவனத்தின் வாகனக் குறைகள் குறித்து அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் விளக்கமளித்தார்.

இத்தனை பெரிய இயந்திரம் ஒரு சிறு அச்சில் சுழல்கிறது: பதிவேட்டில் உள்ள உரிமையாளரின் முகவரி. கடிதம் அங்கேதான் போகும். ஏற்றுமதிக்காகப் பதிவு நீக்கப்பட்ட வண்டிக்கு யப்பானில் உரிமையாளர் இல்லை. நல்லூரில் இருக்கும் உரிமையாளரை யப்பானுக்குத் தெரியாது. நடுவில் இலாபம் பார்த்த மூவரோ நால்வரோ கடிதம் எழுதும் கடமை இல்லாதவர்கள். இங்கே 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை அமைந்திருக்கிறது. மருமகன் முறைப்பாட்டை எழுதித் தரச் சொன்னான், எழுதிக் கொடுத்தேன். 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததால், இவ்வாறான பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டிருந்தன. அடிச்சட்ட இலக்கத்தைத் தட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். வாங்குமுன் அதைச் செய்தவர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

வானைக் கடைசியில் செம்மணி வீதிப் பக்கமே கொண்டுபோனோம். கொட்டில் இப்போது தகரக் கூரை. அன்று பக்கத்து இருக்கையில் இருந்த மகன், நரைத்த மீசையுடன் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். பிரதான சிலிண்டரை மாற்ற இரண்டு நாள் என்றார். மூன்றாம் நாள் மாலை பணத்தை வாங்கிக்கொண்டு, திறப்பைத் தராமல் தாமே ஏறி உட்கார்ந்தார். செம்மணிவரை போய்வரக் கால்மணி நேரமாயிற்று. மருமகன் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றான்.