பாடுமீன் அலையேறிய வழி: பண்பேற்றியில் மின்சிக்கனத்தின் வரலாறு

மட்டக்களப்பு வாவியின் பாடுமீன் ஒலி, அருட்தந்தை லாங்கின் உதவியோடு 1960களில் இலங்கை வானொலியில் ஒலித்தது. துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கும் மெல்லொலி அது. வீச்சுப் பண்பேற்றத்தில் இத்தகைய ஒலிக்கு நேரும் கதி பரிதாபமானது. பண்பேற்றம் 100 சதவீதத்தைத் தொட்டாலும் மூன்றில் இரண்டு பங்கு மின்திறன் வெறும் காவி அலைக்கே போகும். 30 சதவீதத்துக்கு இறங்கினால், ஒலியைத் தாங்கும் பக்கப்பட்டைகளுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 4 சதவீதந்தான். திறனுள்ள அனுப்பி நல்ல பெருக்கியின் கொடை என்பது பொதுக்கருத்து. வரலாறு காட்டுவது வேறு: சிக்கனத்தின் பொறுப்பு சிறுகச் சிறுகப் பெருக்கியை விட்டு, அலையை வார்க்கும் பண்பேற்றிக்கு இடம் மாறியது.

வாவிக்கு வடக்கே திருகோணமலையில் ஜெர்மன் வானொலியான டொய்ச்ச வெல்ல 1984 முதல் 2013 வரை நடத்திய அஞ்சல் நிலையத்தின் மத்திய அலை அனுப்பி 400 கிலோவாட் கொண்டது. வால்வின் நேர்முனையில் பண்பேற்றும் பழைய முறையில், அவ்வளவு பெரிய அலையை முழுதாகப் பண்பேற்ற 200 கிலோவாட் ஒலித்திறன் தேவைப்படும். அந்த ஒலித்திறனை உண்டாக்கும் பெருக்கியும் ஒரு பங்கை வெப்பமாக்கிவிடும். இதற்கு மாற்று முன்பே தேடப்பட்டது. 1935இல் பொறியாளர் ஷிரெயிக்ஸ் இரு அலைகளின் கட்ட வேறுபாட்டால் வீச்சை ஆக்கினார். 1936இல் டொஹர்ட்டி, உச்சங்களில் மட்டும் விழித்தெழும் இரண்டாவது வால்வைச் சேர்த்தார். 1952இல் கான், வீச்சையும் கட்டத்தையும் பிரித்துத் தனித்தனியே அனுப்பி, கடைசிப் படியில் கூட்டினார். மூவரும் கணிப்பொறி இல்லாமலே சிந்தித்தவர்கள். அவர்களுடைய எண்ணங்கள் முழுதாகப் பலித்ததோ எண்முறைப் பண்பேற்றி வந்த பின்னர்தான்.

1995இல் இலங்கைக்கு வந்த ஜிஎஸ்எம் கைத்தொலைபேசி, வீச்சு மாறாத அலையைத் தேர்ந்தது. அதனால் பெருக்கியை அதன் எல்லை வரை ஓட்ட முடிந்தது. நான்காம் தலைமுறைக் கைத்தொலைபேசியில் அந்த வசதி இல்லை: நூற்றுக்கணக்கான துணை அலைகள் கூடும்போது உச்சத் திறன் சராசரியைப் போல் சுமார் பத்து மடங்காகிறது. பழைய அலையே மேலல்லவா என்று கேட்கலாம். மின்சாரத்தை மட்டும் எண்ணினால் ஆம். ஆனால் மீடிறனும் விலையுள்ள பொருள். அதே அகலத்தில் பன்மடங்கு தரவு செல்வதால் அந்தச் செலவு ஈடாகிறது. உச்சங்கள் தரும் சிதைவை முன்கூட்டியே கணித்து, எதிர்ச்சிதைவைச் சேர்ப்பது இப்போது பண்பேற்றியின் வேலை. டொஹர்ட்டியின் இணையும் திரும்பிவந்து கைத்தொலைபேசிக் கோபுரங்களில் அமர்ந்திருக்கிறது.

அந்தக் கணிப்புக்கே மின்சாரம் செலவாகுமே என்ற ஆட்சேபம் பாதி சரி. பல பத்து வாட் அலை விடும் கோபுரத்தில் அது சில்லறைச் செலவு. கால் வாட்டுக்குக் குறைந்த கைத்தொலைபேசியிலோ இலாபத்தையே தின்றுவிடும். இதனாலேயே அந்தத் தலைமுறைக்கு 2008இல் வகுத்த தரநிர்ணயம் கோபுரத்துக்கு ஒரு பண்பேற்றமும், கையிலுள்ள கருவிக்கு உச்சம் குறைந்த வேறொன்றும் விதித்தது. என் பார்வையில் இந்த இருபாதித் தீர்வே வரலாற்றின் மிக விவேகமான முடிவு. 40 வாட் அலைக்கு 20 சதவீதத் திறனில் 200 வாட் வேண்டும். 40 சதவீதத்தில் 100 வாட் போதும். மின்சாரம் நின்ற இரவில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு கோபுரத்தின் மின்கலம் அந்தப் பெருக்கியை இரு மடங்கு நேரம் தாங்கும்.