ஒரு துளிக் குருதியும் இரண்டு கேள்விகளும்

நோய் இன்னதெனத் தெளிந்த பின்னரே மருந்தை நாடவேண்டும் என்பது வள்ளுவர் காலந்தொட்டு நாம் அறிந்த நெறி. அந்நெறியின் அருமையை எச்.ஐ.வி. சோதனையின் வரலாறு நன்கு விளக்குகிறது. அவ்வரலாற்றின் இந்திய அத்தியாயம் நம் தமிழ்நாட்டிலேயே தொடங்கியது.

இவ்வைரஸை 1983-இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலைய அறிஞர்கள் கண்டறிந்தனர். அதைக் குருதியில் காட்டும் எலைசா சோதனை 1985-இல் நடைமுறைக்கு வந்தது. அப்போது சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவை இவ்வாய்வில் ஈடுபடுத்தினார். நிர்மலா திரட்டிய எண்பதுக்கு மேற்பட்ட குருதி மாதிரிகள், 1986-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், பேராசிரியர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறம் பெற்றன. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அம்முடிவை உறுதிசெய்தது. ‘நம் நாட்டில் இந்நோய் உண்டா?’ என்னும் முதற் கேள்விக்கு விடை கிடைத்தது.

அதே 1986-இல் இரண்டாவது கேள்வியும் பிறந்தது. மேற்கு ஆப்பிரிக்க நோயாளர் சிலரிடம் நோயின் குறிகள் இருந்தும், சோதனை தெளிவான விடை தரவில்லை. பாஸ்டர் நிலையத்தாரும் போர்ச்சுகல் மருத்துவரும் ஆராய்ந்து, அது வேறொரு வைரஸ் எனக் கண்டனர். முன்னது எச்.ஐ.வி.-1 என்றும், பின்னது எச்.ஐ.வி.-2 என்றும் பெயர் பெற்றன. இந்தியாவிலும் இரண்டாம் வகை உண்டென்பது 1991-இல் மருத்துவ ஏடுகளில் வெளிவந்தது.

இவற்றை வேறுபடுத்துவது எங்ஙனம்? அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மாணவர்கள் பருத்தியை அறிவார்கள். கருங்கண்ணியும் கம்போடியாவும் குவியலில் ஒன்றுபோலவே தோன்றும். இழையின் நீளத்தைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அதுபோலவே, ஒரு வைரஸை எதிர்க்க உடலில் தோன்றும் எதிர்ப்பொருள், உறவான மற்றதன் புரதத்திலும் ஓரளவு ஒட்டிக்கொள்ளும். ஆதலின் ஆய்வாளர், இரண்டிற்கும் தனித்தனியே உரிய புரதங்களைத் தேர்ந்தனர். முதல் வகைக்கு ஜி.பி.41, இரண்டாம் வகைக்கு ஜி.பி.36. சோதனைப் பட்டையில் இவை வெவ்வேறு இடங்களில் பதிக்கப்படும். எந்த இடத்தில் கோடு தோன்றுகிறதோ, அதுவே வகையைக் காட்டும். இரண்டும் தோன்றினால், வைரஸின் மரபுப்பொருளையே தேடும் சோதனை தேவைப்படும்.

இவ்வேறுபாடு வெறும் பெயர் வேறுபாடன்று. இரண்டாம் வகை மெல்லப் பரவும்; மெல்ல முற்றும். ஆயினும் முதல் வகையை அடக்கும் நெவிரபின் என்னும் மருந்து, இரண்டாம் வகையிடம் செல்லாது. வகையறியாது அதைக் கொடுத்தால், நோயாளி மருந்து உண்டும் பயன் பெறான். டோலுடெக்ராவிர் போன்ற, இரண்டிற்கும் பயன்படும் மருந்துகள் வந்த பின்னும், உடலிலுள்ள வைரஸின் அளவைக் கணக்கிடும் சோதனை வகைக்கு வகை வேறே.

குமாரலிங்கபுரம் போன்ற ஒரு வானம் பார்த்த சிற்றூரினின்று வரும் உழவரும், அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இச்சோதனையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். நோய் உண்டென்னும் முடிவு, மூன்று வெவ்வேறு சோதனைகளுக்குப் பின்னரே கூறப்படும். இரண்டாம் வகையெனத் தோன்றினால், மாதிரி மேல்நிலை ஆய்வகத்திற்குச் செல்லும். முடிவை மறைவாகக் காப்பதற்கும், நோயுற்றாரை ஒதுக்காதிருப்பதற்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்துள்ளது. ‘நோய் உண்டா?’ என்று கேட்பதற்குத் துணிவு வேண்டும், ‘எந்த வகை?’ என்று கேட்பதற்குப் பொறுமை வேண்டும். அறிவியல் இவ்விரண்டையும் நமக்குக் கற்பிக்கிறது.