பலூனுக்குள் மிட்டாய் வந்த கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

ஒன்றாம் தேதி சாயங்காலம் உறவினர் வீட்டில் பிள்ளைகளுக்காக ஒரு பெரிய பலூன் கட்டியிருந்தார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான். மூன்றடிப் பலூன், உள்ளே சாக்லேட், ஜிகினாத்தாள், ஒன்றிரண்டு பிளாஸ்டிக் விசில். ஒரு பையனைத் தூக்கிப் பிடித்துக் குண்டூசியால் குத்தச் சொன்னார்கள். டமார்! அவ்வளவுதான், இருபது பிள்ளைகள் தரையில் விழுந்து புரண்டார்கள். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. என் பேத்தி கை நிறைய ஜிகினாவும் ஒரே ஒரு சாக்லேட்டுமாக வந்து நின்று, "அம்மாயி, மொதல்ல யாரு பலூனுக்குள்ள மிட்டாய் போட்டது?" என்று கேட்டாள். முப்பத்து நான்கு வருடம் வாத்தியார் வேலை பார்த்தவளிடம் கேட்கிற கேள்வியா அது! நான்கு நாளாகத் தேடிப் படித்து, எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நெரவிக்காரர்களுக்கு இந்த விளையாட்டு புதிதே இல்லை. அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் காரைக்காலுக்குப் போனால், ஆனி மாதப் பௌர்ணமியில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் மழையாக விழும். மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலும் திண்ணையிலும் நிற்பவர்கள் கூடை கூடையாகப் பழத்தை இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள், குடையைத் தலைகீழாகப் பிடிப்பார்கள். பிள்ளை வரம் வேண்டி அந்தப் பழத்தை எடுத்துப்போகிற பெண்களும் உண்டு. சின்ன வயதில் நான் தலையிலும் வாங்கியிருக்கிறேன், மடியிலும் வாங்கியிருக்கிறேன்.

அம்மையாரின் கதையே எதிர்பாராத தின்பண்டத்தின் கதைதானே? கணவன் பரமதத்தன் இரண்டு மாங்கனி கொடுத்தனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்குப் புனிதவதி அதில் ஒன்றைச் சோற்றோடு படைத்துவிடுகிறாள். கணவன் சாப்பிட வந்து ஒரு கனியைத் தின்றுவிட்டு மற்றதையும் கேட்கிறான். அவள் உள்ளே போய் இறைவனை வேண்ட, வெறுங்கையில் கனி வருகிறது. அதன் ருசி வேறாக இருக்கிறதே என்று அவனுக்குச் சந்தேகம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதி வைத்த இந்தக் கதையை நான் எந்த வகுப்பில் சொன்னாலும், "அந்தப் பழம் எங்கேருந்து வந்துச்சு டீச்சர்?" என்று ஒருவராவது கேட்காமல் இருந்ததில்லை.

அடுத்தது உறி. பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் பால், தயிர், வெண்ணெயைத் தொங்கவிடுகிற உறி, ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்த பொருள். கண்ணன் கைவைத்தது அதில்தான். கிருஷ்ண ஜயந்திக்கு அதே உறி தெருவுக்கு வந்து உறியடி ஆனது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், நாராயண தீர்த்தர் வாழ்ந்த வரகூரில் உறியடியும் வழுக்கு மரமும் இன்றைக்கும் பெயர்பெற்றவை. கயிற்றை ஏற்றி இறக்கி ஏமாற்றுவார்கள், முகத்தில் தண்ணீரை வீசி அடிப்பார்கள், அடிப்பவன் தடுமாறுவான். எங்கள் தெருவில் நடந்த சின்ன உறியடியில் பானை உடைந்ததும் யாரும் பாய மாட்டோம். பெரியவர் ஒருவர் சீடையையும் முறுக்கையும் அள்ளித் தாம்பாளத்தில் வைத்து எல்லோருக்கும் கொடுப்பார். அடித்தவனுக்கு ஒரு பங்கு கூடுதல். இந்தத் தாம்பாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கடல் தாண்டிப் போனால் மெக்சிகோ நாட்டில் பின்யாத்தா என்று ஒன்று. மண்பானையைச் சுற்றி வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே பழமும் மிட்டாயும் போட்டுக் கட்டித் தொங்கவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு தடியால் அடிப்பார்கள். நம் உறியடிக்குக் கூடப் பிறந்த தங்கை போலவே இருக்கும். அங்கே அது கிறிஸ்துமசுக்கு முந்திய ஒன்பது நாள் விழாவோடு சேர்ந்தது. 1580களில் ஆகோல்மான் என்ற ஊரில் இருந்த அகஸ்தீனியத் துறவிகள் அந்த விழாவைத் தொடங்கிவைத்தார்கள் என்பது வரலாறு. நட்சத்திரத்துக்கு ஏழு முனை, ஏழு பாவங்களைக் குறிக்க. பின்யாத்தா சீனாவிலிருந்து மார்க்கோ போலோ மூலம் வந்தது என்று இணையத்தில் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. எதைக் கேட்டாலும் மார்க்கோ போலோ தலையில் கட்டிவிடுகிறார்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டியது: அந்த விழாவில் பானை உடைப்பது ஒரு பக்கம் இருக்க, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு மிட்டாய்ப் பை தனியாகக் கொடுக்கும் பழக்கமும் உண்டு.

பிரான்சில் ஈஸ்டருக்கு வெற்று சாக்லேட் முட்டை. அதற்குள் மீன் வடிவத்தில் குட்டிக் குட்டி சாக்லேட்டுகள். இது புத்தகத்தில் படித்ததில்லை, கையில் வைத்துப் பார்த்தது. 1954 நவம்பர் 1ஆம் தேதி நம்ம ஊரில் கொடி மாறியது. 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தோம். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட சொல்தா குடும்பங்கள் நம் தெருவில் எத்தனை என்று பெரியவர்களுக்குத் தெரியும். அப்படி ஒரு வீட்டுக்கு வந்த பார்சலில்தான் அந்த முட்டையைப் பார்த்தேன். நம்ம ஊர் வெயிலில் பாதி உருகி, மீன்கள் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. கத்தியால் வெட்டிப் பங்கு போட்டோம்.

சரி, பலூன். 1824இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே (ஆமாம், எட்டாம் வகுப்பு அறிவியலில் வந்த அதே ஃபாரடே) ஹைட்ரஜன் வாயுவைப் பிடித்து வைக்க ஒரு பை செய்தார். இரண்டு ரப்பர் தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரத்தை அழுத்தினால் தானே ஒட்டிக்கொள்ளும். நடுப்பகுதியும் ஒட்டிவிடாமல் இருக்க உள்பக்கம் மாவு தூவினார். ஆக, முதல் பலூனுக்குள்ளேயே சமையலறைச் சாமான் ஒன்று இருந்திருக்கிறது! புதுப் பலூனை இழுத்தால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதே, அதுவும் இதே காரணத்துக்காகத்தான். அடுத்த வருடமே தாமஸ் ஹான்காக் என்பவர் வீட்டிலேயே பலூன் செய்துகொள்ள ரப்பர் கரைசலும் பீச்சாங்குழலும் சேர்த்து விற்றார்.

அந்த ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறை வந்த பிறகு, 1847இல் லண்டனில் இங்க்ராம் என்பவர் பொம்மைப் பலூன் செய்தார் என்கிறார்கள். அதே 1847, அதே லண்டனில் டாம் ஸ்மித் என்ற மிட்டாய்க் கடைக்காரரின் பெயரையும் சொல்கிறார்கள். பாரீசில் காகிதம் சுற்றிய மிட்டாயைப் பார்த்துவந்து விற்கத் தொடங்கியவர். கொஞ்ச வருடம் கழித்து அந்தப் பொட்டலத்தை இரண்டு பேர் இழுத்தால் 'பட்' என்று வெடிக்கும்படி செய்தார். அதுதான் கிறிஸ்துமஸ் கிராக்கர். சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு ஒன்று வைப்பார்கள். வெடிச்சத்தமும் உள்ளே ஒளித்த பரிசும் பிள்ளைகளுக்கு ஒன்றாகச் சேர்ந்தது இங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

இன்றைக்குக் கடையில் விற்கும் மெல்லிய பலூன் 1931இல் அமெரிக்காவின் மாசசூசெட்சில் பிறந்தது. நீல் டில்லட்சன் என்பவர் பூனைத்தலை வடிவ அட்டையை ரப்பர் பாலில் முக்கிக் காயவைத்து உரித்தார், காதோடு பூனைப் பலூன் வந்தது. ரப்பர் பால் நமக்கும் தூரத்துச் சரக்கில்லை. 1902இல் கேரளத்தில் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் தோட்டம் போட்டார்கள், கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்போதும் பால் வெட்டுகிறார்கள்.

நம் பக்கத்துக்குப் பலூன் திருவிழாக்களோடு வந்தது. மஸ்தான் சாகிபு தர்கா கந்தூரி, நாகூர் கந்தூரி, செப்டம்பர் மாத வேளாங்கண்ணி, மாங்கனி என்று எங்கே கூட்டம் சேர்ந்தாலும் பலூன்காரர் இருப்பார். ரப்பர் கயிற்றில் கட்டிக் கையால் தட்டுகிற பலூன் ஞாபகம் இருக்கிறதா? அதற்குள் கொஞ்சம் அரிசியோ தண்ணீரோ இருக்கும், தட்டும்போது சலசலக்கும். சாக்லேட் போட்ட பெரிய பலூனை நான் முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு பிறந்தநாள் வீட்டில். அப்புறம் அது எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது.

என் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுவந்தேன். எந்தப் பள்ளி, எந்த வருடம் என்று சொல்லப்போவதில்லை. நவம்பர் 14, குழந்தைகள் தினம். 42 பிள்ளைகள். என் கைக்காசில் பெரிய பலூன் வாங்கி, ஆரஞ்சு மிட்டாயும் தேன் மிட்டாயும் நிரப்பி, மின்விசிறிக் கொக்கியில் கட்டினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பிலேயே உயரமான பையன் குத்தினான்.

அன்றைக்கு இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று உடனே தெரிந்தது. பலூன் கிழிசலை வாயில் வைத்து உறிஞ்சிச் சின்ன மொட்டு செய்து நெற்றியில் உடைப்பீர்களே, அதை ஒரு பையன் செய்தான். கிழிசல் தொண்டைக்குள் போய்விட்டது. சத்தமே வரவில்லை, முகம் மட்டும் மாறியது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வந்து அவனைக் குனியவைத்து முதுகில் தட்டியதில் வெளியே வந்தது. மிட்டாய் சிக்கினால்கூடக் கரையும், கொஞ்சம் இடுக்கு இருக்கும். மெல்லிய ரப்பர் தொண்டையின் வடிவத்துக்கே படிந்து மூடிவிடும். அமெரிக்காவில் 1994இல் வந்த ஒரு சட்டப்படி, எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு ஊதாத பலூனாலும் உடைந்த பலூனாலும் மூச்சடைக்கலாம் என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும். எனக்கு அது அப்போது தெரியாது.

இரண்டாவது விஷயம் மறுநாள்தான் தெரிந்தது. இரண்டாம் பெஞ்சுப் பெண் ஒருத்தி, வகுப்பிலேயே சின்ன உருவம். அவள் அம்மா வந்து, "புறங்கையில செருப்புத் தடம் பதிஞ்சிருக்கு டீச்சர், என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா" என்றார். கூப்பிட்டுக் கேட்டேன். அவளுக்கு ஒரு மிட்டாயும் கிடைக்கவில்லை. "ஏம்மா என்கிட்ட சொல்லலை?" என்றதற்கு, "நீங்க ஆசையா செஞ்சீங்க டீச்சர்" என்றாள். அவள் இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். இந்தப் பதிவைப் படிப்பாள். பெயர் போடவில்லை தாயி, கோபித்துக்கொள்ளாதே.

அன்றிலிருந்து எனக்கு இந்தக் கணக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மாங்கனியில் ஊர்வலம் தெருத் தெருவாக நகர்கிறது, நூறு வீட்டிலிருந்து விழுகிறது, இங்கே கிடைக்காதவருக்கு அடுத்த முனையில் கிடைக்கும். உறியடியில் தாம்பாளம் இருந்தது. மெக்சிகோவில் தனிப் பை இருக்கிறது. கிராக்கர் தட்டுக்கு ஒன்று. பலூனில் மட்டும் ஒரே இடம், ஒரே வெடி, ஒரே நொடி. உடைக்கிற வேடிக்கையை எடுத்துக்கொண்ட நாம் பங்கிடுகிற ஏற்பாட்டை வழியிலேயே எங்கோ விட்டுவிட்டோம்.

நான் அதற்குப் பிறகு வகுப்பில் செய்தது இதுதான். பலூனைத் தேங்காய் அளவுக்குக் கைப்பம்பில் ஊத வேண்டும். பழைய செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, மைதாப் பசையில் தோய்த்துக் குறுக்கும் நெடுக்குமாக நான்கு சுற்று ஒட்ட வேண்டும். முடிச்சுப் பக்கம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடம் விட்டுவிடுங்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், அது விஷம், தின்பண்டம் வைக்கும் இதில் போடவே கூடாது. நல்ல வெயிலில் இரண்டு நாள், இந்த மார்கழிப் பனியில் நான்கு நாள் காயும். காய்ந்ததும் பலூனைக் குத்தி, கிழிசலை முழுசாக வெளியே எடுத்து, பிள்ளைகள் கைக்குப் போகாமல் குப்பையில் போடுங்கள். நம் கடற்கரைக்கு முட்டையிட வரும் ஆமைகளும் அதைத் தின்றுவிடும் என்பதால் வெளியில் வீச வேண்டாம். உருண்டைக்குள் பேப்பர் சுற்றிய கடலை மிட்டாய், ஒரு பென்சில், சீட்டில் ஒரு விடுகதை. சின்னப் பிள்ளைகளுக்கானால் கடலை வேண்டாம், பொரி உருண்டை போதும். வாயை வண்ணக் காகிதத்தால் மூடிப் பிள்ளையின் பெயரை எழுதிவிடுங்கள். கொடியில் வரிசையாகக் கட்டிவிட்டால் ஆளாளுக்குத் தன் பெயரைத் தேடி, தன்னுடையதைத் தானே குச்சியால் அடித்து உடைப்பார்கள். சத்தம் டமார் என்று இருக்காது, 'பொத்' என்றுதான் கேட்கும். பிள்ளைகள் குறை சொன்னதில்லை. விடுகதைக்கு விடை கேட்டு ஒருவர் பின்னால் ஒருவர் ஓடுகிற சத்தமே போதுமானதாக இருக்கும்.

பேத்தியிடம், "யார் மொதல்ல போட்டாங்கன்னு தெரியலடி, ஃபாரடே மாவு போட்டார், அதுவரைக்கும்தான் கண்டுபிடிச்சேன்" என்று சொல்லிவிட்டேன். "அப்ப மிட்டாய் நாம போடலாம்" என்றாள்.

காணும் பொங்கலன்று எங்கள் தெருப் பிள்ளைகளுக்காக 26 உருண்டை திட்டம். இதுவரை 19 ஒட்டி மாடியில் காய்கிறது. விடுமுறைக்கு நெரவி வருகிறவர்கள் பிள்ளைகளின் பெயரைக் கீழே எழுதுங்கள், சேர்த்துவிடுகிறேன். சிவப்புக் காகிதம் தீர்ந்துவிட்டது. நாளைக்குக் காரைக்கால் கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் யாராவது பத்துத் தாள் வாங்கி வந்தால் பணம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
நெரவி