விளக்கெண்ணெய் பிடித்த எஞ்சின்

1930களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பில் பிரவுன் என்ற இளைஞர் செய்து விற்ற ‘பிரவுன் ஜூனியர்’, மாதிரி விமானங்களுக்கான பெட்ரோல் எஞ்சின். சுமார் 10 சிசி. காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாவற்றையும் அந்தச் சின்ன விமானமே சுமக்க வேண்டும்.

1947-ல் ரே ஆர்டன் குளோ பிளக்கைக் கொண்டுவந்தார். அதன் பிளாட்டினக் கம்பியைத் தொடக்கத்தில் சூடாக்கினால் போதும். பிறகு மெத்தனால் பட்டுத் தானே கனன்றுகொண்டிருக்கும். (பிளக்கை நாங்கள் பிரெஞ்சில் ‘பூழி’ என்று படித்தோம். மெழுகுவர்த்திக்கும் அதே சொல்தான்.) பலரும் பழைய எஞ்சின்களின் காயிலைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளோவுக்கு மாற்றினார்கள்.

மெத்தனாலில் கலந்தது நம் விளக்கெண்ணெய். ஆண்டுக்கணக்கில் கிடந்தால் வார்னிஷ்போலக் காய்ந்து பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். முரட்டுத்தனமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டினால் இளகிக்கொடுக்கும்; பிறகு மெதுவாக அசைக்கலாம்.

சேகரிப்பாளர்கள் சிலர் புதுப் பாகங்கள் செய்து பொருத்தி மறுபடி ஸ்பார்க் எஞ்சின் ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. யாரோ ஒரு பையன் கைக்காசு போட்டு மாற்றியதும் அதன் சரித்திரம்தானே? பழைய ராடு குளோவின் உதையைத் தாங்காது என்பார்கள். அது நிஜம். தாங்காதென்றால் ஓட்டாமல் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு வையுங்களேன்.