ஒரு பொத்தானின் வரலாறு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலே றெட்மண்ட் என்பது ஒரு நகரம். மைக்ரோசொப்ட் என்னும் கணினி மென்பொருள் நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான் உள்ளது. 1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 24ஆம் நாள் அந்நகரிலே பெருவிழா ஒன்று நடைபெற்றது. விழாவின் நாயகன் அரசனுமல்லன், போர்வீரனுமல்லன். விண்டோஸ் 95 என்னும் பெயர் பூண்ட ஒரு மென்பொருள். நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் மாளிகை அதன் வண்ணங்களில் ஒளியூட்டப்பட்டது. ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் ஆங்கில இசைக்குழுவினரின் பாட்டொன்றைப் பொருள் கொடுத்து விளம்பரத்திற்கென வாங்கியிருந்தனர். அப்பாட்டின் பெயரிலே 'ஸ்டார்ட்' என்னும் சொல் இருந்ததே அதற்குக் காரணம். ஏனெனில், புதிய மென்பொருளின் திரையிலே, இடப்புறம் கீழ்மூலையில், அதே சொல்லைத் தாங்கிய சிறு பொத்தான் ஒன்று இருந்தது.

கணினியின் உறுப்புகளையெல்லாம் ஏவி வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்பர். வீட்டுக்கு வாசல் எப்படியோ, அப்படியே கணினியைப் பயன்படுத்துவோனுக்கு இம்முறைமையின் முகம். விண்டோஸ் 95க்கு முன்பிருந்த வாசல் எளிதானதன்று. மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் கணினி பழகாத சாதாரண மக்களை அழைத்துவந்து, திரையின் முன் அமர்த்தி, அவர்கள் படும் பாட்டைப் பொறுமையுடன் கவனித்தனர். சுட்டியை இருமுறை விரைந்து அழுத்துவது பலருக்குக் கைவரவில்லை. ஒரு சாளரத்தின் மேல் மற்றொன்று வந்து மூடிவிட்டால், கீழே இருந்தது அழிந்தே போயிற்று என எண்ணியவர்களும் இருந்தனர். எங்கிருந்து தொடங்குவது என்பதே தெரியாது திகைத்து நின்றனர். முதலிலே மூன்று பொத்தான்களை வைத்துப் பார்த்து, பின்னர் அவற்றை ஒன்றாக்கி, அதன்மேல் 'தொடங்கு' எனப் பொருள்படும் அச்சொல்லைப் பொறித்தார்கள். அதன்பின் மக்கள் திகைக்கவில்லை. இங்ஙனம், அறியாதவன் ஒருவனின் தடுமாற்றத்தைக் கண்டு பிறந்தது அந்தப் பொத்தான். பிற்காலத்திலே நடந்ததை நோக்கும்போது இவ்வுண்மை தனிச் சுவையுடையதாகின்றது.

பதினேழு ஆண்டுகள் அப்பொத்தான் அங்கேயே இருந்தது. 2001இல் எக்ஸ்பி வந்தபோது பச்சை நிறம் பூண்டது. 2007இல் விஸ்டா வந்தபோது உருண்டை வடிவம் கொண்டது. இடம் மட்டும் மாறவில்லை. அலுவலகத்து எழுத்தர், பாடசாலை மாணவர், வங்கியில் பணம் எண்ணுவோர், முதுமையிலே பேரப்பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டோர் ஆகிய பல கோடி மக்களின் கை, கண்ணின் துணையின்றியே அம்மூலையை நாடப் பழகிவிட்டது.

2010ஆம் ஆண்டிலே நிலைமை மாறத் தொடங்கியது. அவ்வாண்டு அப்பிள் நிறுவனம் ஐபாட் என்னும் தொடுதிரைக் கணினியை வெளியிட்டது. சாவிப்பலகையும் வேண்டாம், சுட்டியும் வேண்டாம், விரலே போதும். மேசைக் கணினியின் காலம் முடிந்துவிடுமோ என்னும் அச்சம் றெட்மண்டிலே எழுந்தது இயல்பே. அப்போது விண்டோஸ் பிரிவுக்குத் தலைவராயிருந்தவர் ஸ்டீவன் சினொப்ஸ்கி. 2009இல் வெளியாகி எல்லோராலும் பாராட்டப்பட்ட விண்டோஸ் 7ஐ உருவாக்கி முடித்த பெருமை அவருக்குண்டு. அதற்கு முன், 2007ஆம் ஆண்டின் ஒபிஸ் மென்பொருளிலே பழைய பட்டியல்களை அகற்றி 'ரிபன்' என்னும் புதிய அமைப்பைப் புகுத்தியதும் அவர் பொறுப்பிலேயே நிகழ்ந்தது. அன்றும் மக்கள் முணுமுணுத்தனர். ஆனால் நாளடைவிற் பழகிக்கொண்டனர். முதலில் எதிர்ப்பவர் பின்னர் பழகிக்கொள்வர் என்னும் நம்பிக்கைக்கு அவ்வனுபவம் உரமிட்டிருந்தால் வியப்பில்லை.

தொடுதிரைக்கு ஒன்று, மேசைக் கணினிக்கு ஒன்று என இரு முறைமைகளை ஆக்காமல், இரண்டுக்கும் பொதுவாக ஒன்றையே ஆக்குவது என்பது அவர்கள் செய்த முடிவு. அதுவே விண்டோஸ் 8. அதன் முகம், 2010இல் வெளிவந்த விண்டோஸ் கைத்தொலைபேசியின் முகத்தைத் தழுவியது. 'மெட்ரோ' என்பது அவ்வடிவமைப்பின் பெயர். பட்டினப் போக்குவரத்து நிலையங்களிலே காணப்படும் தெளிவான வழிகாட்டிப் பலகைகளைப் பார்த்து அதை அமைத்ததாகக் கூறினர். வழிகாட்டிப் பலகையின் பெயரால் வந்த ஒன்று வழி தெரியாமல் பலரையும் அலைக்கழித்ததை விதியின் விளையாட்டு என்றுதான் சொல்லவேண்டும்!

அந்தப் புதிய முகம் எப்படியிருந்தது? கணினியை இயக்கியதும் பழைய மேசைத்திரை தோன்றவில்லை. நிறம் நிறமான சதுர ஓடுகள் திரை முழுவதையும் நிறைத்து நின்றன. சில ஓடுகளில் வானிலையும் செய்தியும் தாமாகவே மாறிக்கொண்டிருந்தன. பழைய மேசைத்திரை அவ்வோடுகளுள் ஒன்றாய் ஒடுங்கிப்போயிற்று. அதனுள்ளே நுழைந்தால் கீழ்மூலையிற் பொத்தான் இல்லை. சுட்டியை மூலைக்குக் கொண்டுசென்று சற்றே நிறுத்தினால் வழி திறக்கும். ஆனால் அங்கே வழி உண்டு என்று காட்டும் அடையாளம் எதுவுமில்லை. கணினியை நிறுத்துவதற்கோ, வலப்பக்கத்து மூலையிற் சுட்டியை வைத்து, மறைந்திருந்த பட்டையை வெளிப்படுத்தி, அதிலே அமைப்புகளுக்குரிய குறியைத் தேர்ந்து, அதன் உள்ளே மின்விசையின் குறியைத் தேடவேண்டும். விரலாற் திரையைத் தொடுவோனுக்கு இவை ஓரளவு இயல்பாயிருந்திருக்கலாம். அந்நாளில் மேசைகளின்மேல் இருந்த கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தொடுதிரையே இருக்கவில்லை என்பதுதான் சங்கடம்.

பொத்தானை ஏன் நீக்கினர்? அதற்கும் ஒரு நியாயம் சொன்னார்கள். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் 7க்கு வந்தபோது ஸ்டார்ட் பட்டியலின் பயன்பாடு 11 சதவீதம் குறைந்துவிட்டதாக 2011 ஒக்டோபரிலே அவர்கள் வெளிப்படையாகக் கூறினர். மக்கள் தமக்கு வேண்டியவற்றைத் திரையின் அடிப்பட்டையிலேயே பொருத்திக்கொள்கின்றனர். ஆதலின் பட்டியலுக்குத் தேவை குறைந்தது என்பது வாதம். இக்கணக்கு, தம் பயன்பாட்டு விவரங்களை அனுப்ப இசைந்தவர்களின் கணினிகளிலிருந்து வந்தது. நிறுவனங்களும் நுணுக்கம் அறிந்தோரும் அவ்விசைவைத் தருவது அரிது, ஆகவே கணக்கு ஒருபக்கம் சாய்ந்தது என்று வாதிட்டோரும் உண்டு. அது ஒருபுறமிருக்க, பத்திலொரு பங்கு குறைந்தது என்றால் எஞ்சிய பெரும்பங்கு அப்படியே இருந்தது என்பதுதானே பொருள்? ஒரு வாசலைப் பயன்படுத்துவோர் சிறிது குறைந்தனர் என்பதற்காக அவ்வாசலைச் சுவர் வைத்து அடைப்பது கணிதத்தின் குற்றமன்று. கணக்கை வாசித்தவரின் குற்றம்.

2011 செப்டெம்பரில் மென்பொருள் ஆக்குவோருக்கென முன்னோட்டப் பதிப்பு வெளியாயிற்று. அதிலே, உட்புற அமைப்பொன்றை மாற்றினால் பழைய பட்டியலை மீட்டுவிடலாம் என்பதைச் சிலர் கண்டறிந்தனர். 2012 பெப்ரவரி 29இல் பொதுமக்களுக்கான முன்னோட்டம் வந்தபோது அவ்வழியும் அடைபட்டிருந்தது, பொத்தானும் அகன்றிருந்தது. முதல்நாளிலேயே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட முறை அது இறக்கிக்கொள்ளப்பட்டது. புதுமையைக் காணும் ஆவலில் மக்கள் குறைவைக்கவில்லை என்பதற்கு இது சான்று. அவர்கள் பழமைவாதிகள் என்று பின்னாளிற் சிலர் இகழ்ந்தது பொருந்தாது.

மறுமொழிகள் குவிந்தன. ஒருவர் தம் தந்தையாரைப் புதிய திரையின் முன் அமர்த்தி, யாதொரு விளக்கமும் தராமல் அவர் செய்வதைப் படம் பிடித்து வெளியிட்டார். முதியவர் எப்படியோ மேசைத்திரைக்குள் புகுந்துவிட்டார். ஆனால் தொடக்கத்திரைக்கு மீள வழி காணாமற் தவித்தார். உலகெங்கும் பலர் அப்படத்தைக் கண்டனர். சிரித்தவர்கள் உளர்; தம்மையே அங்கு கண்டவர்கள் அதிகம். கணினி விளையாட்டுத் துறையிலே புகழ்பெற்ற வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல், 2012 ஜூலையில், விண்டோஸ் 8 இத்துறையினர் அனைவருக்குமே பெருங்கேடு என்று கூறினார். அவர் பதின்மூன்று ஆண்டுகள் மைக்ரோசொப்டிலேயே பணிபுரிந்தவர். அவருடைய கவலை பொத்தானைப் பற்றியதன்று. புதிய முறைமையோடு வந்த விற்பனை நிலையம் பிறர் வணிகத்தை விழுங்கிவிடுமோ என்பதே. எதிர்த்தவர் எல்லோரும் ஒரே காரணத்துக்காக எதிர்க்கவில்லை என்பதை இதனால் அறியலாம்.

2012 ஒக்டோபர் 26இல் விண்டோஸ் 8 விற்பனைக்கு வந்தது. மைக்ரோசொப்ட்டை நிறுவியவர்களுள் ஒருவரான போல் அலன், அதன் நயத்தையும் புதுமையையும் மெச்சிய அதே வேளையில், இரு வேறு உலகங்களை ஒன்றாய்ப் பிணைத்திருப்பது குழப்பம் தரும் என்பதையும் மறைக்கவில்லை. பயன்பாட்டியல் அறிஞர் ஜேக்கப் நீல்சன் கணினியிற் தேர்ச்சி பெற்ற 12 பேரைக் கொண்டு அதனைச் சோதித்தார். திறமை வாய்ந்தோருக்கும் புதியோருக்கும் ஒருங்கே ஏமாற்றமளிப்பது என்பது அவ்வாண்டு நவெம்பரில் அவர் வழங்கிய தீர்ப்பு. இரு முகங்களுக்கிடையே தாவித் தாவி மனம் சோர்கின்றது. செய்யக்கூடியவை கண்ணுக்குத் தெரிவதில்லை. பெரிய திரையிலே சொற்பமான செய்தியே அடங்குகின்றது என்று அவர் காரணங்காட்டினார். நன்மைகள் இல்லாமலில்லை. முன்னையதைவிட விரைவாக அது கண்விழித்தது; தொடுதிரையிற் பயன்படுத்தியோர் பலர் அதனை விரும்பவும் செய்தனர். ஆனால் நாள்தோறும் வேலைக்காகக் கணினிமுன் அமர்வோரின் குரலே ஓங்கி ஒலித்தது.

மக்கள் முணுமுணுத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. கிளாசிக் ஷெல் என்னும் இலவச மென்பொருள் பழைய பட்டியலை மீட்டுத் தந்தது. ஸ்டார்டொக் என்னும் நிறுவனம் 'ஸ்டார்ட் 8' என்ற பெயரில் ஐந்து டொலருக்கு ஒரு சதம் குறைய அதையே விற்றது. முன்பு இலவசமாய் வந்த பொத்தானைக் காசு கொடுத்து வாங்க மக்கள் முன்வந்தனர் என்றால், அதன் அருமையை அளக்க வேறு அளவுகோல் வேண்டுமோ? கணினி செய்து விற்கும் நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. லெனோவோ நிறுவனம் 2013 ஓகஸ்டில், தன் கணினிகளிற் பிறர் செய்த ஸ்டார்ட் பட்டியல் ஒன்றைச் சேர்த்தே விற்கப்போவதாக அறிவித்தது.

சினொப்ஸ்கி 2012 நவெம்பரிலேயே நிறுவனத்தை விட்டு விலகினார். மறு ஆண்டு ஏப்ரலில் ஐடிசி என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் ஒரு கணக்கை வெளியிட்டது. 2013இன் முதற் காலாண்டில் தனியாள் கணினிகளின் விற்பனை, முன்னைய ஆண்டின் அதே காலத்தைவிட 13.9 சதவீதம் வீழ்ந்தது. 1994இல் அந்நிறுவனம் காலாண்டுக் கணக்கெடுக்கத் தொடங்கிய பின் அத்தகைய வீழ்ச்சியைக் கண்டதில்லை. விண்டோஸ் 8 சந்தையைத் தூக்கிவிடவில்லை என்பது மட்டுமன்று, அதனைத் தளர்த்தியும் விட்டதாகத் தோன்றுகின்றது என ஐடிசி குறிப்பிட்டது. பழியனைத்தையும் பொத்தானின்மேற் சுமத்துவது முறையன்று. தொடுதிரைக் கருவிகளும் கைத்தொலைபேசிகளும் அப்போது கணினியின் இடத்தை எடுத்துக்கொண்டிருந்தன. அதனைத் தடுக்க வந்த மருந்து நோயாளிக்குப் பிடிக்காமற் போனதுதான் இங்கே நடந்தது. தொடுதிரைச் சந்தைக்கெனத் தானே செய்த சேர்பேஸ் ஆர்.டி. என்னும் கருவி விலைபோகாமையால், 2013 ஜூலையில் மைக்ரோசொப்ட் 90 கோடி டொலரை நட்டக்கணக்கில் எழுதியது. எனினும் விண்டோஸ் 8 விற்கவே இல்லை என்று எண்ணிவிடலாகாது. ஆறே மாதத்தில் பத்துக் கோடி உரிமங்கள் விற்றதாக நிறுவனம் அறிவித்தது. புதுக் கணினி வாங்குவோனுக்கு அதோடு வரும் முறைமையை ஏற்பதன்றிப் பெரிதாய் வேறு தெரிவில்லை அல்லவா?

2013 ஒக்டோபர் 17இல் விண்டோஸ் 8.1 வெளியானது. பொத்தான் திரும்பி வந்தது! ஆனால் அதை அழுத்தியவர்கள் மீண்டும் ஓடுகள் நிறைந்த அதே திரைக்குத்தான் போய்ச் சேர்ந்தனர். கேட்டது பட்டியலை, கிடைத்தது பொத்தான். கதவைக் கேட்டவனுக்குக் கதவின் படத்தைச் சுவரில் மாட்டிக் கொடுத்தாற்போல் இருந்தது அது. எனினும் கணினியை இயக்கியதும் நேரே மேசைத்திரைக்குச் செல்லும் வசதியை அப்பதிப்பு அளித்தது. 2014 ஏப்ரலில் வந்த திருத்தம், கணினியை நிறுத்தும் பொத்தானைத் தொடக்கத்திரையில் எல்லோரும் காணுமாறு வைத்தது. அதே மாதத்தில் நிறுவனம் தன் மாநாடொன்றிலே, உண்மையான ஸ்டார்ட் பட்டியல் மீள வருவதைக் காட்டியபோது, அங்கிருந்த மென்பொருள் வல்லுநர்கள் கைதட்டி மகிழ்ந்தனர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஆக்கிய ஒன்றை மறுபடியும் காட்டியதற்கு எழுந்த கரகோஷம் அது.

அடுத்த முறைமைக்கு 9 என்னும் எண்ணை விடுத்து விண்டோஸ் 10 எனப் பெயரிட்டனர். 2014 செப்டெம்பர் 30இல் அறிமுகஞ் செய்தபோதே, விரும்பும் எவரும் முற்பதிப்புகளைப் பெற்றுக் குறைநிறை கூறுவதற்கென ஒரு திட்டத்தையும் தொடங்கினர். 2015 ஜூலை 29இல் அது முழுமையாய் வெளிவந்தபோது, ஸ்டார்ட் பட்டியல் தன் பழைய மூலையில் இருந்தது. இடப்பக்கம் பழைய நிரல். வலப்பக்கம் விண்டோஸ் 8இன் ஓடுகள். எதிர்த்தோரும் ஆக்கியோரும் பட்டியலின் இரு பாதிகளைப் பங்கிட்டுக்கொண்டது போன்ற தோற்றம். விண்டோஸ் 8க்கான ஆதரவு 2016 ஜனவரியில் முடிவுற்றது, 8.1இன் ஆதரவு 2023 ஜனவரி வரை நீடித்தது.

2021 ஒக்டோபர் 5இல் விண்டோஸ் 11 வந்தது. ஓடுகள் மறைந்தன. பொத்தான் மூலையை விட்டுத் திரையின் அடிப்பட்டையின் நடுவுக்கு நகர்ந்தது. முறைப்பாடுகள் உடனே எழுந்தன. ஆயினும் இம்முறை, அதனைப் பழைய மூலைக்கே கொண்டுபோய் வைக்கும் தெரிவை முதல்நாளிலிருந்தே அமைப்புகளுள் சேர்த்திருந்தார்கள்.