மடியில் கட்டிய நெருப்பு

மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிய ஒருவராலும் இயலாது என்பது தமிழரிடையே வழங்கும் பேச்சு. துப்பாக்கியின் ஆரம்ப காலத்துக்கு இப்பேச்சு சொல்லுக்குச் சொல் பொருந்தும். பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் போர்வீரன் ஏந்திய துப்பாக்கி திரித்துப்பாக்கி எனப்படும். வெடியுப்பில் ஊறிய கயிற்றுத் திரியொன்று அதன் பக்கத்தில் எந்நேரமும் கனன்றுகொண்டிருக்கும். விசையை இழுத்தால் அந்தத் திரி தாழ்ந்து மருந்துத் தட்டைத் தொடும், துப்பாக்கி வெடிக்கும். இத்தகைய ஆயுதத்தை உடைக்குள் மறைப்பவன் பகைவனைச் சுடுமுன்பு தன்னையே சுட்டுக்கொள்வான். இரவிலே திரியின் கனல் காட்டிக்கொடுக்கும். பகலிலே அதன் நாற்றம் காட்டிக்கொடுக்கும். ஆயுதபாணி யார், வெறுங்கையன் யார் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அறியக்கூடியதாக இருந்த காலம் அது.

சக்கர விசை வந்து இந்த நிலையை மாற்றிற்று. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மன் நாடுகளிலும் இத்தாலியிலும் வழக்குக்கு வந்த இவ்வமைப்பில், உருக்கினாலான சிறு சக்கரமொன்று வலிய வில்லோடு பிணைக்கப்பட்டிருந்தது. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல அதனை முறுக்கி வைப்பார்கள். விசையை அழுத்தியதும் சக்கரம் விரைந்து சுழன்று, அதன்மேல் அழுந்தி நிற்கும் தீக்கல்லோடு உரசிப் பொறிகளைச் சொரியும். அதுவரையில் நெருப்பு பிறப்பதே இல்லை. மருந்தும் குண்டும் இட்டு, சக்கரத்தை முறுக்கி, மேலங்கிக்குள் செருகிக்கொண்டு ஒருவன் சந்தையிலோ தேவாலயத்திலோ மணிக்கணக்காக நின்றாலும் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. மடியில் நெருப்பைக் கட்டிக்கொள்ளுதல் முதன்முறையாகக் கைகூடிற்று.

இதன் பொருளை அரசர்கள் உடனே உணர்ந்துகொண்டனர். பேரரசர் முதலாம் மக்சிமிலியன் 1517ஆம் ஆண்டளவில் தம் ஆஸ்திரிய நாடுகளிலே சக்கர விசைத் துப்பாக்கிகளைத் தடை செய்தார். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1541இல் இயற்றப்பட்ட சட்டம், ஒரு யாருக்குக் குறைந்த நீளமுள்ள கைத்துப்பாக்கிகளை விலக்கிற்று. எலிசபெத் அரசியார் 1579இல் வெளியிட்ட பிரகடனமும் உடைக்குள் ஒளித்துவைக்கத்தக்க சிறு துப்பாக்கிகளைக் கடிந்து பேசுகிறது. இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பெரிய துப்பாக்கி தூரம் பாயும், ஆழமாகத் துளைக்கும். சிறியதோ இரண்டிலும் குறைந்தது. இருந்தும் சட்டம் அஞ்சியது சிறியதற்கே. கொல்லும் வலிமையைக் காட்டிலும் மறையும் இயல்பே அரசர்களின் தூக்கத்தைக் கெடுத்தது.

அவர்கள் அஞ்சியது பொய்யாகவும் இல்லை. 1584ஆம் ஆண்டு யூலை 10ஆம் திகதி, ஒல்லாந்து நாட்டு டெல்ப்ட் நகரில், ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான எழுச்சிக்குத் தலைமை தாங்கிய ஒறேஞ்சு இளவரசர் வில்லியம் உணவருந்திவிட்டு மாடிப்படியை நோக்கி நடந்தபோது, பல்தசார் ஜெறார் என்பவன் அருகே வந்து சுட்டுக் கொன்றான். உடை வாங்குவதற்கென்று இளவரசரே அவனுக்குக் கொடுப்பித்த பணத்தைக் கொண்டுதான் அவன் துப்பாக்கிகளை வாங்கியிருந்தான். குண்டு பாய்ந்த துளைகளை அந்த வீட்டுச் சுவரில் இன்றும் காட்டுகிறார்கள்.

ஆயினும், சிறு துப்பாக்கியைத் தேடி வாங்கியவர் எல்லாரும் கொலைஞர் என்று கருதுவது பெருந்தவறு. அவர்களுள் மிகப் பலர் அச்சத்தால் வாங்கியவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் குதிரைமேல் வந்து வண்டிகளை மறித்துப் பறிக்கும் கொள்ளையர் மலிந்திருந்தனர். முதலமைச்சராக விளங்கிய சேர் றொபேட் வால்போலின் மகனும் எழுத்தாளருமாகிய ஹொறஸ் வால்போல், 1749 நவம்பரில் இலண்டன் ஹைட் பூங்காவின் ஊடாக வண்டியிற் சென்றபோது இருவர் மறித்தனர். அவர்களுள் ஒருவனுடைய துப்பாக்கி தற்செயலாக வெடித்து, குண்டு வால்போலின் கண்ணுக்குக் கீழே தோலை உராய்ந்து சென்றது. ஓரங்குலம் விலகியிருந்தால் ஆங்கில இலக்கியம் ஒரு சிறந்த கடித ஆசிரியரை இழந்திருக்கும். வழிப்பயணத்துக்குத் துணையாகச் சட்டைப்பைத் துப்பாக்கி ஒன்றை வாங்கும் வழக்கம் நாட்டிலே பரவியதில் வியப்பில்லை.

அவ்வாறு வாங்கப் புகுந்தவர் கொல்லனுக்குக் கொடுத்த தொல்லை சிறிதன்று. துப்பாக்கி பைக்குள் அடங்க வேண்டும். உருவும்போது துணியில் மாட்டக்கூடாது. பைக்குள் இருக்கும்போது வெடிக்கவும் கூடாது. உருவிய கணத்தில் வெடிக்காமல் இருக்கவும் கூடாது. இறுதி இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. இலண்டன் கொல்லர் கண்ட வழிகள் நுட்பமானவை. சுடுவிசையை மடக்கி உடலுக்குள்ளே ஒளித்து, குதிரையை இழுத்தால் மாத்திரம் அது கீழே விழும்படி செய்தனர். குழலை மறையாணிபோலக் கழற்றி, மருந்தையும் குண்டையும் பின்புறத்தில் இட்டு, மீண்டும் முறுக்கிப் பொருத்தும் முறையையும் பெருவழக்காக்கினர். இதனால் குண்டு குழலில் இறுக அமர்ந்தது. பைக்குள் எப்படிக் கவிழ்ந்தாலும் உருண்டு விழாது. பெண்கள் குளிர்காலத்தில் இரு கைகளையும் நுழைத்துக்கொள்ளும் மென்மயிர் உறைக்குள் அடங்கத்தக்க மிகச் சிறிய துப்பாக்கிகளும் செய்யப்பட்டன.

தீராதிருந்தது ஈரம். சக்கிமுக்கிக் கல்லின் பொறி திறந்த தட்டிலுள்ள மருந்தில் விழவேண்டும். வியர்வையோ மழையோ பட்டால் அம்மருந்து ஊமையாகிவிடும். இதனைத் தீர்த்தவர் ஸ்கொட்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் சிற்றூரின் சமயகுரவராகிய அலெக்சாந்தர் போர்சைத். பறவை வேட்டையில் விருப்புடையவர் அவர். கல்லின் ஒளியைக் கண்டு பறவைகள் குண்டு வருமுன் பறந்துவிடுவதைக் கண்டு சலித்து, அடித்தால் வெடிக்கும் இரசாயன மருந்தைப் பயன்படுத்தும் முறைக்கு 1807இல் உரிமைப் பத்திரம் பெற்றார். சில ஆண்டுகளுள் அம்மருந்து சிறிய செப்புத் தொப்பிக்குள் அடைபட்டது. நனையாத நெருப்பு பிறந்தது. காட்டுப் பறவைக்காக ஒரு போதகர் செய்தது நகரத்துச் சட்டைப்பைக்குள் குடிபுகுந்தது.

செப்புத் தொப்பியின் வசதியை முற்றாகப் பயன்படுத்தியவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துத் துப்பாக்கிக் கொல்லர் ஹென்றி டெறிஞ்சர். 1786இல் பிறந்த அவர், உள்ளங்கைக்குள் ஏறக்குறைய மறையத்தக்க, பருத்த குண்டைச் சுடும் ஒற்றை வெடித் துப்பாக்கியைச் செய்தார். ஒரு முறை சுட்டதும் ஓய்ந்துவிடுமாதலால் வாங்குவோர் அதனைச் சோடியாகவே வாங்கினர். பொன் தேடிச் சனங்கள் திரண்ட கலிபோர்ணியாவில் அது அமோகமாக விற்பனையாயிற்று. விற்பனை பெருகவே போலியும் பெருகிற்று. சான் பிரான்சிஸ்கோ வணிகரான பிளேற் என்பவர் டெறிஞ்சரின் முத்திரையையே பொறித்த போலிகளை விற்றார். டெறிஞ்சர் வழக்குத் தொடுத்தார். மாநிலச் சட்டப்படி பதிவு செய்யாவிடினும் ஒருவன் உழைப்பால் பெயர்பெற்ற முத்திரை அவனுக்கே உரியது என்று கலிபோர்ணியா உச்ச நீதிமன்றம் 1865இல் தீர்த்தது. வணிக முத்திரைச் சட்டம் பயில்வோர் இன்றும் அவ்வழக்கை அறிவர்.

அதே 1865ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் திகதி இரவு, வாஷிங்டன் போர்ட் நாடக அரங்கிலே, நடிகன் ஜோன் வில்க்ஸ் பூத் சனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் பின்னால் வந்து நின்றான். அவன் கையிலிருந்த டெறிஞ்சர் துப்பாக்கியின் நீளம் ஆறங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நிறை எட்டு அவுன்சு. அத்துப்பாக்கியால் இருபது அடிக்கு அப்பால் எதையும் உறுதியாக அடிக்க முடியாது. அவனுக்கு அது வேண்டியிருக்கவும் இல்லை. நாடகத்தை நன்கறிந்தவனாதலால் அவையோர் உரக்கச் சிரிக்கும் வசனம் வரும்வரை காத்திருந்து சுட்டான். ஒரே வெடியோடு ஆயுதம் பயனற்றுப் போகவே அதனை அங்கேயே எறிந்துவிட்டு, தடுக்க வந்த மேஜர் றாத்போனைக் கத்தியால் வெட்டிவிட்டு ஓடினான். மறுநாட் காலை லிங்கன் உயிர் நீத்தார். முத்திரையைக் காக்க நீதிமன்றம் ஏறிய முதியவர் 1868இல் இறந்தார். அதன்பின் அவருடைய பெயர் ஓரெழுத்துக் கூடிப் பிழையான எழுத்துடன், யார் செய்த சிறு துப்பாக்கிக்கும் பொதுப்பெயராய் உலகெங்கும் வழங்கலாயிற்று.

அடுத்து வந்த மாற்றங்களை விரைந்து கடக்கலாம். உலோகத் தோட்டா வந்தது. 1857இல் சிமித் அன்ட் வெசன் நிறுவனத்தாரின் ஏழு வெடிச் சிறு றிவோல்வர் வந்தது. 1866இல் றெமிங்டனின் இரட்டைக் குழல் துப்பாக்கி வந்து, 1935 வரை செய்யப்பட்டது. நின்று நோக்கத்தக்கது 1887இல் சிமித் அன்ட் வெசன் வெளியிட்ட றிவோல்வர். அதிலே குதிரையை முற்றாக உடலுக்குள் மூடிவிட்டனர். ஆகவே துணியில் மாட்டுவதற்கு ஒன்றுமில்லை. பிடியின் பின்புறத்தில் ஒரு தகடும் அமைத்தனர். முழுக்கையாலும் அதனை இறுகப் பற்றினாலன்றி வெடிக்காது. வீட்டில் குழந்தைகள் உள்ளவன் கேட்ட வினாவுக்கு இதைவிட நல்ல விடை அந்நாளில் எவராலும் அளிக்கப்படவில்லை.

ஆனால் பகையாளிக்குச் சட்டைப்பையும் வேண்டியதில்லை. 1901 செப்டெம்பர் 6ஆம் திகதி பபலோ நகரக் கண்காட்சியில் சனாதிபதி மக்கின்லி சனங்களோடு கைகுலுக்கிக்கொண்டு நின்றார். வரிசையில் வந்த லியோன் சொல்கோஸ் என்பவன், காயம்பட்டவன்போல வலக்கையைக் கைக்குட்டையால் சுற்றியிருந்தான். உள்ளே நாலரை டொலருக்கு வாங்கிய சிறு றிவோல்வர் இருந்தது. சனாதிபதி கையை நீட்டினார். 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி கொழும்பு றொஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் விறாந்தையில் பிரதமர் பண்டாரநாயக்கா வந்தவரை வணங்கி வரவேற்றபோது, றிவோல்வர் துறவியின் அங்கிக்குள் இருந்தது. இவ்விரண்டு இடத்திலும் ஆயுதத்தை மறைத்தது துணி மாத்திரமா என்பது சிந்திக்கத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டு ஜோன் மோசஸ் பிரௌனிங்குக்கு உரியது. அமெரிக்க நாட்டு யூற்றா மாநிலத்தில் 1855இல் பிறந்த இவர், பெல்ஜியத்தின் லியேஜ் நகரை அடுத்த ஹேர்ஸ்தாலிலுள்ள எப். என். தொழிற்சாலைக்கு வகுத்துக் கொடுத்த துப்பாக்கி, தன் வெடியின் விசையைக் கொண்டே வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். தோட்டாக்கள் பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடங்குவதால், றிவோல்வரின் உருண்டைக்கு இடமில்லை, துப்பாக்கி தட்டையாயிற்று. 1906இல் விற்பனைக்கு வந்த உள்சட்டைப் பைத் துப்பாக்கியின் நீளம் நாலரை அங்குலமே. பல மொழிகளில் அவர் பெயரே கைத்துப்பாக்கிக்குப் பெயராயிற்று.

பைக்குள் தட்டையாக அடங்குவது பெட்டியின் அடித்தட்டிலும் அடங்கும். 1909இல் இலண்டனிலிருந்து விநாயக் சாவர்க்கர் இருபது பிரௌனிங் துப்பாக்கிகளை இரட்டை அடித்தட்டுப் பெட்டியில் இந்தியாவுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்றினால் அவ்வாண்டு டிசெம்பர் 21ஆம் திகதி நாசிக் கலெக்டர் ஜாக்சன், லிங்கனைப்போலவே நாடக அரங்கில், சுடப்பட்டார். பதினெட்டு மாதங்களின் பின் இதே வகைத் துப்பாக்கி தமிழ்நாட்டில் வெடித்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பலோட்டிய வ. உ. சிதம்பரம்பிள்ளை 1908இல் சிறையிடப்பட்டமையால் திருநெல்வேலிச் சீமை கொதித்திருந்தது; அவருடைய கம்பனியை ஒடுக்கியவர் என்று சனங்கள் ஆஷ் துரையைக் குறித்தனர். பிரித்தானிய இந்தியாவில் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமச் சீட்டின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தது. பிரெஞ்சுப் புதுச்சேரியிலோ அச்சட்டம் செல்லாது, அங்கே வ. வே. சு. ஐயர் இளைஞருக்குச் சுடும் பயிற்சி அளித்தார்.

1911 யூன் 17ஆம் திகதி காலை, கலெக்டர் ஆஷ் மனைவியோடு கொடைக்கானலுக்குப் பயணமாகி, மணியாச்சிச் சந்தியில் நின்ற புகையிரத வண்டியில் அமர்ந்திருந்தார். செங்கோட்டையைச் சேர்ந்த இருபத்தைந்து வயதினரான வாஞ்சிநாதன் வண்டிக்குள் ஏறி, பெல்ஜியத்துப் பிரௌனிங்கால் மிக அருகில் நின்று சுட்டார். பின் மேடைவழியே ஓடி, கழிப்பறைக்குள் புகுந்து தம்மைத்தாமே சுட்டுக்கொண்டார். அவருடைய சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. தம் செயலுக்குரிய காரணத்தை உலகறிய அதில் எழுதி வைத்திருந்தார். ஆயுதம் மறைக்கப்பட்டது, நோக்கம் மறைக்கப்படவில்லை. அந்நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி எனப் பெயர் பெற்றுள்ளது. மூன்றாண்டு கழித்து, 1914 யூன் 28ஆம் திகதி, சரஜேவோ வீதியில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்றதும் ஹேர்ஸ்தாலில் செய்த பிரௌனிங் துப்பாக்கியே.

சட்டமும் தன் அளவுகோலைக் கீழே வைக்கவில்லை. பிரித்தானியாவின் 1903ஆம் ஆண்டுச் சட்டம், ஒன்பது அங்குலத்துக்கு மேற்படாத குழலுடையதையே கைத்துப்பாக்கி என வரையறுத்தது. மணியாச்சிச் சம்பவம் நிகழ்ந்த அதே 1911இல் நியூயோர்க் மாநிலம், மறைத்துவைக்கத்தக்க துப்பாக்கிகளுக்கு உரிமச் சீட்டுக் கட்டாயமென விதித்தது.

வாங்குவோரின் விவாதமும் ஓயவில்லை. 1956இல் கிளாஸ்கோ நகரத்துத் துப்பாக்கி ஆர்வலரான ஜெப்றி பூத்றொயிட், கதாசிரியர் இயன் பிளெமிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். கதாநாயகன் ஜேம்ஸ் பொண்ட் வைத்திருக்கும் சிறு பெரெற்றா பெண்களுக்கே ஏற்றது என்றும், குதிரை உள்ளடங்கிய சிமித் அன்ட் வெசன் றிவோல்வரே தகுந்தது என்றும் அறிவுரை கூறினார். பிளெமிங் 1958இல் வெளியிட்ட நாவலில் அக்கடிதக்காரரின் பெயரையே ஆயுதப் பொறுப்பாளர் பாத்திரத்துக்குச் சூட்டினார். கதாநாயகனுக்கு அளித்ததோ ஜேர்மன் வால்தர் பி. பி. கே. துப்பாக்கி. பத்தாண்டுகளின் பின், 1968இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின்கீழ், இறக்குமதித் துப்பாக்கிகளுக்குப் பருமனும் நிறையும் பார்த்துப் புள்ளி வழங்கப்பட்டது. பொண்ட் ஏந்திய பி. பி. கே. அச்சோதனையில் தவறியது. வால்தர் நிறுவனத்தார் அதன் குழற்பகுதியைச் சற்றுப் பெரிய பி. பி. துப்பாக்கியின் பிடிமேற் பொருத்தினர். பிடி சில மில்லிமீற்றர் உயர்ந்தது. நிறை சிறிது கூடிற்று. மீண்டும் அளந்து பார்த்த அதிகாரிகள் அதனை நாட்டுக்குள் அனுமதித்தனர்.